பரங்கிமலை ரத்தச் சிலுவை: எது கதை, எது வரலாறு?

ஆலந்தூரான்:
ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் இரண்டு ஃபார்வர்டு வந்தது. பரங்கிமலை மேலே கோயில் பீடத்தில் இருக்கும் கல் சிலுவையை இயேசுவின் சீடர் தோமையாரே தன் கையால் செதுக்கினார், அதன் முன்னால் ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் குத்திக் கொன்றார்கள் என்று ஒன்று. தோமையார் இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை, மொத்தமும் போர்த்துகீசியர் கட்டிவிட்ட கதை என்று இன்னொன்று. இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொள்கிறது, ஒருவரிடமும் ஒழுங்காக ஒரு தேதி இல்லை. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள், சொல்லுங்கள். மதச்சண்டை மட்டும் வேண்டாம், அது அங்கேயே தேவையான அளவு நடக்கிறது.

மெழுகுவத்தி:
நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறேன், வரலாறா என்று மற்றவர்கள் சொல்லட்டும். தோமையார் கி.பி. 52-இல் கேரளத்தில் கொடுங்கல்லூர் பக்கம் வந்து இறங்கினார். அங்கே ஏழு கோயில் வைத்துவிட்டு அப்புறம் கிழக்கே மயிலாப்பூர் வந்தார். அவருக்கு எதிரிகள் வந்ததும் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், இன்றைக்கும் அந்தக் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், பாறையில் கைத்தடம் காட்டுவார்கள், பக்கத்திலேயே அவர் பாறையைத் தட்டி வரவழைத்த சுனையும் இருக்கிறது. அங்கேயும் தேடி வந்துவிட்டார்கள் என்றதும் குகையின் இன்னொரு வாய் வழியாகத் தப்பிப் பெரிய மலைக்கு வந்தார். அங்கே தான் செதுக்கிய சிலுவை முன்னால் மண்டியிட்டிருந்தபோது பின்னால் இருந்து ஈட்டியால் குத்திவிட்டார்கள். கி.பி. 72. உடலைக் கடற்கரையில், இன்றைக்கு சாந்தோம் பேராலயம் இருக்கும் இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

சிலுவை ரத்தம் வியர்த்தது பிற்காலத்தில். முதல் தடவை 1558 டிசம்பர் 18, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, கோயில் நிறைய ஜனம் பார்த்தது. அதற்கப்புறம் பல வருடம் நடந்திருக்கிறது, கடைசியாக 1704. மேலே மாதாவின் பழைய மரப்பலகைப் படம் ஒன்றும் இருக்கிறது, புனித லூக்கா வரைந்து தோமையார் கொண்டுவந்தது என்பார்கள்.

கட்டறுப்பு:
அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். போர்த்துகீசியர் மயிலாப்பூருக்கு வந்தது 1517 வாக்கில். மலை உச்சியில் கோயில் கட்டத் தோண்டும்போது சிலுவை "கிடைத்தது" 1547-இல். பதினோரு வருடம் கழித்து அது ரத்தம் சிந்துகிறது. அதுவும் எந்த நாள்? டிசம்பர் 18. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் 656-ஆம் வருடத்து டொலேடோ ஆயர் சங்கத்தில் இருந்தே மாதாவின் எதிர்பார்ப்புத் திருநாளாகக் கொண்டாடும் நாள். மலைக்கோயிலும் அதே எதிர்பார்ப்பின் மாதா பெயரில். இத்தனையும் தானாக அமைந்தது என்று நம்பச் சொன்னால் எப்படி? வந்த இடத்தில் காலூன்ற ஒரு அப்போஸ்தலர் தேவைப்பட்டார், உண்டாக்கிக்கொண்டார்கள். கேஸ் முடிந்தது.

ஓலைப்பெட்டி:
கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை தம்பி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நாலைந்து அடுக்கு இருக்கிறது, வாட்ஸாப்பில் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். அடி அடுக்கு, சிரியாக் மொழியில் மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூல். எடெஸ்ஸா பக்கம், அதாவது இன்றைய தென்கிழக்குத் துருக்கியில் பிறந்தது. இந்தியாவுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தோமாவை இயேசு ஒரு வணிகனிடம் அடிமையாக விற்றுவிடுகிறார், தச்சனாக. குந்தபார் என்ற அரசன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான், இவர் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு "அரண்மனை மேலே பரலோகத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது" என்கிறார். பிரமாதமான கதை. அப்புறம் மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டுக்குப் போகிறார், அரசியும் பெரிய வீட்டுப் பெண்களும் இவர் பேச்சைக் கேட்டுப் புருஷன்மாரை ஒதுக்கி வைக்கிறார்கள், அதில்தான் வில்லங்கம். அரசன் கட்டளைப்படி நாலு வீரர்கள் ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கூட்டிப்போய் ஈட்டியால் குத்துகிறார்கள்.

கவனியுங்கள்: மலை உண்டு, ஈட்டி உண்டு. மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை, எந்த மலை என்றும் இல்லை. குந்தபார் வெறும் கற்பனைப் பாத்திரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1830-களில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அவன் பெயர் போட்ட காசுகள் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் வடமேற்கில் உண்மையாகவே ஆண்ட அரசன். அதனால் கதை முழுக்க உண்மை என்று ஆகிவிடாது, ஆனால் எழுதியவர்களுக்கு வடமேற்கு இந்தியா பற்றி ஏதோ நிஜமான நினைவு இருந்திருக்கிறது. தெற்கு வந்தாரா என்பதற்கு இந்த நூலில் பதில் கிடையாது.

அடுத்த அடுக்கு, 1290-களில் தமிழகக் கடற்கரையைத் தொட்டுப் போன மார்கோ போலோ. அவர் சொல்லும் சாவுக் கதையே வேறு. தோமையார் தன் குடிசைக்கு வெளியே ஜெபித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள். மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் விட்ட அம்பு குறி தவறி அவர் விலாவில் பாய்கிறது. கொலையே இல்லை, விபத்து! எதிரி இல்லை, அரசன் இல்லை, குகை இல்லை. கல்லறை இருக்கும் ஊருக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே யாத்திரை வருகிறார்கள், அங்கிருந்து சிவப்பு மண் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார். அந்தச் சிரியாக் நூலிலும் கல்லறை மண்ணால்தான் அரசனின் மகன் குணமாகிறான். ஆயிரம் வருட இடைவெளியில் அதே மண் வைத்தியம், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆக போர்த்துகீசியர் வருவதற்கு இருநூறு வருடம் முன்பே மயிலாப்பூரில் தோமையார் கல்லறை என்று ஒன்று இருந்தது, ஜனம் வந்துபோனது. 1516 வாக்கில் எழுதிய துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியர், அந்தப் பாழடைந்த கோயிலில் ஒரு முஸ்லிம் பக்கிரி பிச்சையெடுத்து விளக்கேற்றி வருகிறார் என்கிறார். 1517-இல் போர்த்துகீசியருக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தவர்களே ஆர்மீனிய வணிகர்கள். ஆகவே "உண்டாக்கிக்கொண்டார்கள்" என்பது நிற்காது. இருந்ததை எடுத்துக்கொண்டார்கள், மேலே நிறையப் பூசினார்கள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கட்டறுப்பு:
சரி, கல்லறை பழசு. அது சாந்தோம். நான் கேட்டது மலையை. மார்கோ போலோ மலையைச் சொன்னாரா?

ஓலைப்பெட்டி:
சொல்லவில்லை. அவர் பேசுவதெல்லாம் கல்லறையைத்தான். நல்ல கேள்வி, ஆனால் மலைக்கு வேறொரு சாட்சி இருக்கிறது, அந்தச் சிலுவையேதான். அதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

கட்டறுப்பு:
ஃபோட்டோவில்.

ஓலைப்பெட்டி:
ஃபோட்டோவிலேயே தெரியும். கருங்கல் பலகையில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. நாலு முனையும் மொக்கு விரிந்த மாதிரி முடிகிறது. மேலே இருந்து ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது, அடியில் இலையும் இதழுமாக விரிந்த பீடம், இரண்டு பக்கமும் தூண், தூணின் மேல் வளைவு. லிஸ்பனில் பழகிய எந்தக் கல்தச்சனும் 1547-இல் இப்படி ஒரு சிலுவை செய்ய மாட்டான், உடம்பு தொங்கும் பாடுபட்ட சுரூபம்தான் அவர்களுக்கு வழக்கம். இதில் உடம்பே இல்லை.

அந்த வளைவைச் சுற்றி ஒரு வரி எழுத்து ஓடுகிறது. பஹ்லவி, அதாவது இஸ்லாம் வருவதற்கு முந்தைய பாரசீகத்து எழுத்து. கண்டெடுத்தவர்களுக்கு அது என்ன மொழி என்றே தெரியவில்லை. ஒரு பிராமணரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவர் 1561-இல் இந்த ஒரு வரியில் இருந்து, கன்னியிடம் பிறந்த கடவுள், பன்னிரண்டு சீடர், அதில் ஒருவர் கையில் கோலோடு மயிலாப்பூர் வந்தது என்று ஒரு முழுப் புராணத்தையே எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்தது. மோசடி எது என்று தேடுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன், சிலுவையை அல்ல. சொந்தமாக ஒரு பழஞ்சிலுவையைச் செய்து புதைத்துவைக்கிறவன், தனக்கே வாசிக்கத் தெரியாத எழுத்திலா பொறிப்பான்?

சரியான வாசிப்பு தொடங்கியது 1873-இல், பர்னெல் மூலம். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர், அவரேதான். அவர் அதைச் சிலுவைப்பாடு பற்றிய ஒரு வாசகம் என்று படித்தார். 1930 வாக்கில் வின்க்வொர்த் என்பவர் படித்ததுதான் இன்றைக்கு அதிகம் சொல்லப்படுவது: "என் ஆண்டவராகிய கிறிஸ்துவே, இதைச் செதுக்கிய, சிரியரான சகர்புக்தின் மகன் அஃப்ராஸ் மேல் இரக்கமாயிரும்." பின்னால் வந்தவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் இது ஒரு தனி ஆளின் பெயர் போட்ட வேண்டுதல் என்பதில் பெரிய சண்டை இல்லை. எழுத்தின் அமைப்பை வைத்து 6-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டு வரைக்குள் வைக்கிறார்கள்.

அதாவது தோமையார் கையால் செதுக்கியது இல்லை. போர்த்துகீசியர் செய்ததும் இல்லை. உங்கள் குழுவின் இரண்டு ஃபார்வர்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த அஃப்ராஸைத்தான் யாருமே கண்டுகொள்வதில்லை.

மெழுகுவத்தி:
சிலுவையைத் தோமையார் செதுக்கியிருக்கலாம், எழுத்தைப் பிற்காலத்தில் வேறொருவர் சேர்த்திருக்கலாம் இல்லையா?

ஓலைப்பெட்டி:
கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எழுத்து ஓரத்தில் கிடைத்த இடத்தில் கிறுக்கியதாக இல்லையே. வளைவின் பட்டையே எழுத்துக்காக விட்ட இடம் மாதிரிதான் இருக்கிறது. தவிர முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் சிலுவையைச் செதுக்கி வைத்து வணங்கும் வழக்கத்துக்கே வரவில்லை, அதெல்லாம் நாலாம் நூற்றாண்டுக்கு அப்புறம் பரவியது. பழைய சிலுவைக்குப் பழைய மரியாதை உண்டு, அதற்கு அப்போஸ்தலரின் உளி வேண்டாம் என்பது என் கட்சி.

கோட்டயத்து மருமகள்:
நான் திருநெல்வேலிக்காரி, கட்டிக்கொடுத்தது கோட்டயத்தில். ஓலைப்பெட்டி சார் சொல்லும் அதே சிலுவை இங்கே வலிய பள்ளியில் இருக்கிறது (பள்ளி என்றால் இங்கே கோயில்), ஒன்றல்ல இரண்டு, பீடத்துக்கு இரண்டு பக்கமும். அதே வளைவு, அதே பஹ்லவி வரி. ஒன்றில் கூடவே சிரியாக் எழுத்தும் உண்டு, அது பிற்காலத்து நகல் என்கிறார்கள். முட்டுச்சிறை, கடமற்றம், ஆலங்காடு என்று இன்னும் சில இடங்களிலும் உண்டு. கோவாவில் அகசாயிம் பக்கம் 2001-இல் ஒன்று கிடைத்தது. இலங்கையில் அனுராதபுரத்தில் 1912-இல் தோண்டியபோது கிட்டத்தட்ட இதே சாயலில் ஒரு சிலுவை கிடைத்தது, எழுத்து மட்டும் இல்லை. இதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் பரங்கிமலைச் சிலுவை தனியாக வானத்தில் இருந்து விழுந்தது இல்லை என்று புரியும். மேற்குக் கடற்கரையில் இருந்து ஈழம் வழியாகக் கிழக்குக் கடற்கரை வரை, பாரசீகத்துச் சபையோடு தொடர்பு வைத்திருந்த வியாபாரிகள் தங்கிய இடத்தில் எல்லாம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 849. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ கட்டிய பள்ளிக்குக் கொடுத்த உரிமைகள், வட்டெழுத்தில். கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள் பஹ்லவியிலும், கூஃபி என்ற பழைய அரபி எழுத்திலும், எபிரேய எழுத்திலும். அஃப்ராஸ் மாதிரி ஆட்கள் நம் கடற்கரையில் யாரோடு உட்கார்ந்து வியாபாரம் பேசினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இன்னொன்று. இங்கே தோமையார் வரவில்லை என்று வாயைத் திறந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. 2006-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் ஒரு உரையில், தோமா மேற்கு இந்தியாவரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்கே போனது என்கிற பொருளில் சொல்லப்போக, இங்கே ஒரே களேபரம். வத்திக்கான் தன் இணையதளத்தில் அந்த வரியையே மாற்ற வேண்டி வந்தது. ஜூலை 3 துக்ரானா பெருநாள், அவர் இறந்த நாளாகத்தான் கொண்டாடுகிறார்கள். பெரிய வெள்ளியை ஒட்டி மலையாற்றூர் மலைக்கு ஆளுயரச் சிலுவையைத் தோளில் சுமந்துகொண்டு செங்குத்தாக ஏறுகிறார்கள் பாருங்கள், அவர்களிடம் போய் பஹ்லவி எழுத்தின் காலத்தைப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

ஞானஸ்நானப்பெயர்:
இவ்வளவு பெரிய மலைக்கோயிலில் புனித சவேரியாரே வந்து ஜெபித்திருக்கிறார். அந்தச் சிலுவை முன்னால் அவர் இரவெல்லாம் மண்டியிட்டிருந்ததாக எங்கள் மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்கள். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்?

ஓலைப்பெட்டி:
சவேரியார் மயிலாப்பூரில் தங்கியது 1545, சுமார் நாலு மாதம். சாந்தோமில் தோமையார் கல்லறையருகே அவர் இரவில் ஜெபித்ததாகத்தான் மரபு. சிலுவை மண்ணுக்கு மேலே வந்தது 1547. அவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

ஞானஸ்நானப்பெயர்:
நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் வைத்திருக்கிறீர்கள்.

கட்டறுப்பு:
ஹாஹா. சரி, சிலுவை பழசு என்று விட்டுவிடுகிறேன். ரத்தம்? டிசம்பர் நடுவில் சென்னையில் மழைக்காலம், காற்றில் ஈரம் சொட்டும், கோயிலுக்குள் கூட்டத்தின் மூச்சு, மெழுகுவத்திச் சூடு. குளிர்ந்த கல்லில் நீர் பூக்காமல் இருந்தால்தான் அதிசயம். கல்லில் இரும்புச்சத்து இருந்தால் நீர் சிவந்தும் தெரியலாம்.

மெழுகுவத்தி:
அப்படியென்றால் இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பரும் சிவக்க வேண்டுமே தம்பி? மழை நிற்கவில்லை, கூட்டம் நிற்கவில்லை, சிலுவையும் அதே சிலுவை. 1704-ஓடு ஏன் நின்றது?

கட்டறுப்பு:
...நல்ல அடி.

ஓலைப்பெட்டி:
இந்த ரவுண்டு அக்காவுக்கு. இதில் நான் தலையிடப் போவதில்லை. 1704-க்குப் பிறகு நடக்காத ஒன்றைச் சோதிக்க முடியாது, நம்புகிறவர் நம்பலாம், நம்பாதவர் ஈரம் என்று சொல்லிக்கொள்ளலாம். லூக்கா வரைந்த படம் விஷயத்தில் மட்டும் ஒரு வரி: லூக்கா வரைந்ததாகச் சொல்லப்படும் மாதா படங்கள் உலகில் நிறைய. ரோமில் உண்டு, போலந்தில் செஸ்டகோவாவில் உண்டு. லூக்கா ஓவியர் என்ற நம்பிக்கையே தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டு பின்னால்தான் பரவியது.

தமிழ்மறவன்:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். கபாலீசுவரர் கோயிலை இடித்த கதையை ஏன் யாரும் பேசவில்லை? இந்த மலையில் பிருங்கி முனிவர் தவம் செய்ததாகத் தலபுராணம் இருக்கிறதே?

நெறியாளர்:
கபாலீசுவரர் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே மலை மட்டும்.

ஓலைப்பெட்டி:
நெறியாளர் சொன்னது சரி, கபாலி விஷயம் கடற்கரை மயிலாப்பூரின் கதை. பிருங்கி முனிவர் கதை மலையடிவாரத்தில் ஆதம்பாக்கம் நந்தீசுவரர் கோயிலின் தலபுராணம். ஊரின் நடுவே தனியாக நிற்கும் ஒரு குன்றைச் சும்மா விட்டுவைக்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை, எல்லாரும் அதற்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். ஒரு கதை இருப்பதால் இன்னொன்று பொய் என்று ஆகாது. தலபுராணத்துக்குக் கேட்காத கல்வெட்டு ஆதாரத்தைத் தோமையாருக்கு மட்டும் கேட்பது என்ன நியாயம்? கேட்டால் இரண்டுக்கும் கேட்க வேண்டும்.

சைதைக்காரன்:
எல்லாரும் மேலே கோயிலுக்குள்ளேயே நிற்கிறீர்கள், ஏறிவந்த படியை யாராவது பார்த்தீர்களா? மலைக்குப் படி கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், ஆர்மீனிய வியாபாரி. பாரசீகத்து ஜூல்ஃபாவில் இருந்து வந்து மெட்ராசில் பெரும்பணம் சேர்த்தவர். எங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலம் கட்டியவரும் அவர்தான், 1726. மர்மலாங் பாலம் என்பார்கள், இன்றைக்கு அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். அதற்கு முன்னால் மயிலாப்பூர்ப் பக்கத்தில் இருந்து மலைக்கு யாத்திரை போகிறவர்கள் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும், வெள்ளம் வந்தால் போச்சு. பாலத்துக்கு 30,000 வராகன், அதாவது அந்தக் காலத்துப் பொற்காசு, செலவு செய்தார், பராமரிக்கவும் தனியாக 1,500 வராகன் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் மேலே ஏற நூற்றுச் சொச்சம் படி. யோசித்துப் பாருங்கள், ஆறு, அதற்கப்புறம் மலை, இரண்டு தடையையும் ஒரே ஆள் தன் காசில் தாண்டவைத்திருக்கிறார். எனக்கு அவர்தான் இந்த மலையின் பெரிய மனிதர்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராசைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாயச் சொல்லிக் கேட்டும் மறுத்துவிட்டார், சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1751-இல் இறந்தார். உடல் வேப்பேரியில் அவர் கட்டிய மாதா சிற்றாலயத்தில். இதயத்தை மட்டும் உயில்படி ஒரு பெட்டியில் வைத்து ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள்.

ஆலந்தூரான்:
படி ஏறும்போது இதெல்லாம் தெரியாமலேயே மூச்சு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாலத்துக்குக் கல்வெட்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சைதைக்காரன்:
இருக்கிறது. சைதாப்பேட்டைப் பக்கம் பாலம் தொடங்கும் இடத்தில் ரோட்டோரமாக. தினமும் லட்சம் வண்டி அதைக் கடக்கிறது, ஒரு வண்டியும் நிற்பதில்லை.

கோட்டயத்து மருமகள்:
ஓலைப்பெட்டி சார், இடத்தைக் காட்டிக்கொடுத்தது ஆர்மீனியர், படி கட்டியதும் ஆர்மீனியர், சிலுவை செதுக்கியது பாரசீகத்து எழுத்துப் படித்த சிரியர். இந்த மலைக்குப் போர்த்துகீசியர் பெயரைச் சொல்லிப் பரங்கிமலை என்கிறோமே!

ஓலைப்பெட்டி:
அதைத்தான் நான் காலையில் இருந்து கத்திக்கொண்டிருக்கிறேன் அம்மா. போர்த்துகீசியர் சத்தம் போட்டு எழுதிவைத்தார்கள், அதனால் ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் அவர்கள் எழுதிய வரியின் மேலேயே நின்று சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை இங்கே வந்துபோன ஆட்கள் ஒரு கல்லையும் ஒரு பெயரையும்தான் விட்டுவிட்டுப் போனார்கள்.

மூணுகால்மேசை:
சர்வேயர் ஜாதிக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, ஆனால் அந்த மலைக்கு நானும் யாத்திரைதான் போகிறேன். 1802 ஏப்ரல் 10, வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர், நாட்டை அளக்கும் வேலைக்கே அடிப்படையான முதல் கோட்டை, அதாவது அடிக்கோட்டை, அளக்கத் தொடங்கியது இங்கேதான். மலையடிவாரத்துச் சமதரையில் இருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம்வரை ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர், 100 அடி இரும்புச் சங்கிலியை நீட்டி நீட்டி, வெயிலில் இரும்பு நீளும் கணக்கையும் கழித்து, 57 நாள். அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போய்க் கடைசியில் இமயமலை வரை அளந்தார்கள். எவரெஸ்டின் உயரம் என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்ததற்கு அடிக்கணக்கு பரங்கிமலை வெயிலில் போட்டது. அவர் வரவழைத்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டு, என்னவென்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். மலை மேலே லாம்ப்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது, பாதிப் பேர் அவரும் யாரோ பழைய சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஞானஸ்நானப்பெயர்:
நானும் கும்பிட்டிருக்கிறேன் :)

ஆலந்தூரான்:
கடைசியாக இரண்டு சந்தேகம். கி.பி. 52, 72 என்று இவ்வளவு துல்லியமாக வருடம் எங்கிருந்து வந்தது? அப்புறம் எலும்பெல்லாம் இத்தாலியில் இருக்கிறது என்று ஒருவர் குழுவில் போட்டாரே, அது நிஜமா?

ஓலைப்பெட்டி:
வருடங்கள் கேரளத்து மரபுப் பாடல்களில் இருந்தும் குடும்ப மரபுகளில் இருந்தும் வருகிறவை, இப்போது கிடைக்கும் வடிவங்கள் எல்லாம் பிற்காலத்தவை. பழைய சிரியாக் நூலில் வருடமே கிடையாது. ஆகவே 52, 72 இரண்டையும் மரபு என்று படியுங்கள்.

எலும்பு விஷயம் நிஜம்தான், அதாவது அப்படி ஒரு மரபு நிஜம். நாலாம் நூற்றாண்டிலேயே எடெஸ்ஸாவில் எப்ரேம் என்ற சிரியாக் கவிஞர், ஒரு வியாபாரி இந்தியாவில் இருந்து தோமாவின் எலும்புகளைக் கொண்டுவந்தான் என்று பாட்டு எழுதியிருக்கிறார். அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவு, 1258-இல் இத்தாலியின் ஒர்தோனா. இன்றைக்கும் அங்கே பேராலயத்தில் வைத்திருக்கிறார்கள். சாந்தோமிலும் ஒரு சின்னத் திருப்பண்டம் உண்டு. இங்கே மரபை ஆதரிக்கிறவர்கள் இதை வேறுவிதமாகத் திருப்புவார்கள்: எலும்பு "இந்தியாவில் இருந்து" வந்தது என்று எடெஸ்ஸாக்காரனே ஒத்துக்கொண்டான் இல்லையா என்று. அதில் நியாயம் இருக்கிறது. எந்த இந்தியா என்பதில்தான் சிக்கல், அந்தக் காலத்தில் சிந்துவில் இருந்து இந்தப் பக்கம் எல்லாமே இந்தியாதான்.

கட்டறுப்பு:
சரி, வருகிற வாரம் நானும் மலைக்கு ஏறுகிறேன், அஃப்ராஸின் கையெழுத்தைப் பார்க்க. மெழுகுவத்தி அக்கா, எப்போது வந்தால் கூட்டம் இருக்காது?

மெழுகுவத்தி:
ஞாயிற்றுக்கிழமையும் டிசம்பர் 18-ஐ ஒட்டிய நாட்களும் வேண்டாம், மற்றபடி எந்த நாளும் வரலாம். வார நாளில் காலைப் பூசை முடிந்ததும் வாங்க, பூசை நடக்கும்போது பீடத்துப் பக்கம் எழுத்துப் படிக்கப் போனால் நானே வெளியே அனுப்பிவிடுவேன். வண்டியில் நேராக மேலே போக ரோடு இருக்கிறது, ஆனால் உஸ்கான் காசைப் போட்டுக் கட்டியிருக்கிறார், நீங்கள் படியில் ஏறி வாங்க தம்பி.